சுட்ட குடமும் மாற்றிய சட்டகமும்

செவ்ரோலெட் நிறுவனம் 1947 முதல் 1955 வரை அமெரிக்காவில் விற்ற 'அட்வான்ஸ் டிசைன்' வரிசைப் பிக்கப் வண்டிகள் உருண்ட முகப்பும் தனித்துப் புடைத்த மட்கார்டுகளும் கொண்டவை; அவ்வடிவத்துக்காகவே அவை இன்றும் தேடி வாங்கப்படுகின்றன. அவ்வாறு வாங்குவோரில் ஒரு சாரார், வண்டியின் வெளியுடலை மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் தாங்கிநின்ற இரும்புச் சட்டகத்தை, அதாவது சேசிஸை, கழற்றி நீக்கிவிட்டு, அதே நிறுவனம் 1982-ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகப்படுத்திய எஸ்-10 என்னும் சிறிய பிக்கப்பின் சட்டகத்தின்மேல் அவ்வுடலை ஏற்றிவிடுகிறார்கள். பழைய அரை டன் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 116 அங்குலம். எஸ்-10 வகைகளுள் ஒன்றில் அந்த அச்சிடை நீளம் 117.9 அங்குலம். இந்த நெருக்கமே அம்மாற்றத்துக்கு வழிவிட்டது. இரு முன்சக்கரங்களையும் ஒரே தண்டில் பிணைத்த பழைய அமைப்புக்கு மாறாக, ஒவ்வொரு சக்கரமும் தனித்து ஏறியிறங்கும் அமைப்பும் டிஸ்க் பிரேக்கும் புதிய சட்டகத்தோடு கிடைத்துவிடுகின்றன. அதன் பின்னர், சட்டகத்திலுள்ள எஃகுச் சுருள்களையும், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கமான் பட்டை என வழங்கும் அடுக்குப் பட்டை வில்லையும் அகற்றி, காற்றடைத்த ரப்பர் பைகளைப் பொருத்தும் ஏர் சஸ்பென்ஷன் வேலை தொடங்குகிறது.

இந்தக் காற்றமைப்பின் இயக்கத்தைச் சற்று நின்று பார்ப்பது, பின்னால் வரும் வினாவுக்குத் துணை செய்யும். சிறிய கம்ப்ரஸர் ஒன்று காற்றை இறுக்கி ஒரு தொட்டியில் சேர்க்கிறது. தொட்டியிலிருந்து வால்வுகள் வழியாக நான்கு பைகளுக்கும் காற்று செல்கிறது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தமுள்ள காற்று, 20 சதுர அங்குலப் பரப்பின்மீது செயற்படும்போது 2000 பவுண்டு எடையைத் தாங்கும். எடை கூடினால் அழுத்தத்தையும் கூட்டி வண்டியின் உயரத்தை முன்போலவே நிறுத்தலாம். எஃகு வில்லின் விறைப்பு பெரும்பாலும் மாறாதது என்பதால், வெறும் வண்டி தூக்கிப்போடுவதும் சுமையேற்றிய வண்டி மெத்தென்று ஆடுவதும் எவரும் அறிந்ததே. காற்றுப் பையில் சுமைக்கேற்ப அழுத்தமும் அதனோடு விறைப்பும் மாறிக்கொண்டே இருப்பதால், ஆட்டத்தின் வேகம் ஏறத்தாழ ஒரேபடியாக நிற்கிறது. தாங்கும் பொருள் மாறாதிருக்கும்போது ஓட்டம் மாறுகிறது. தாங்கும் பொருள் ஓயாது மாறும்போதோ ஓட்டம் மாறாமல் நிற்கிறது. ஒன்றன் நிலைபேறு அதன் உறுப்புகளின் நிலைபேற்றைச் சார்ந்தது என்னும் பொதுவான எண்ணத்தை இந்த ரப்பர் பை ஓசையின்றி மறுக்கிறது. காற்று என்றால் புதுமை, எஃகு என்றால் பழமை என்னும் கணக்கும் எங்கும் செல்லாது: 1957-இல் வெளிவந்த காடிலாக் எல்டொராடோ புரோம் காற்றமைப்போடு பிறந்த வண்டி, காற்றுக் கசிவைப் பொறுக்கமாட்டாத உரிமையாளர்கள் பலர் பிற்பாடு எஃகுச் சுருளைப் பொருத்திக்கொண்டார்கள்.

உடல் 1951-ஐச் சேர்ந்தது, சட்டகம் அதற்கு நாற்பது ஆண்டு பிந்தியது, அதைத் தாங்குவதோ நேற்று அடைத்த காற்று என்றால், அவ்வண்டி எந்த வண்டி? இவ்வினா அமெரிக்கக் கொட்டகைகளுக்கு மட்டும் உரியதன்று. 1928 முதல் 1954 வரை பம்பாயில் செவ்ரோலெட் வண்டிகளை உறுப்புகளாக இறக்கி இணைத்துக்கொண்டிருந்த இந்நாட்டில், அதைவிட அண்மையான வடிவம் ஒன்று சாலையெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் லாரி வாங்குவோர் பெரும்பாலும் உடலற்ற சேசிஸையே வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் உடல் கட்டிக்கொள்கிறார்கள், பேருந்துக்குக் கரூர். பல ஆண்டு ஓடிய பின்னர் பழைய உடலைப் பிரித்தெறிந்து புதிதாகக் கட்டினாலும், திட்டக்குடியிலிருந்து தொழுதூர் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கு ஏறும் லாரியைப் பார்த்து, இது வேறு லாரி என்று எவரும் சொல்வதில்லை. லாரிக்காரருக்குச் சேசிஸே லாரி, உடல் அதன்மேல் போர்த்திய சட்டை. பழம்பிக்கப்பை நேசிப்பவருக்கோ உடலே வண்டி, சேசிஸ் அதன்கீழ் மாற்றத்தக்க ஒரு பலகை. தன்மை எந்த உறுப்பில் தங்கியிருக்கிறது என்னும் வினாவுக்கு இருவரும் நேரெதிர் விடை தருகிறார்கள். இருவர் விடையும் அவரவர் பயன்கருதிப் பிறந்தவை.

இந்தியச் சட்டம் லாரிக்காரரின் பக்கம் சாய்ந்திருக்கிறது. பதிவுச் சான்றுக்கு, அதாவது ஆர்.சி. புத்தகத்துக்கு, அடையாளமாக நிற்பவை சட்டகத்தில் பொறித்த எண்ணும் என்ஜினில் பொறித்த எண்ணுமே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 'மாற்றம்' என்பதற்கு அது தரும் விளக்கம், அடிப்படை இயல்பை வேறாக்கும் கட்டமைப்பு மாறுதல் என்பது. அடிப்படை இயல்பு எது என்பதைத் தத்துவ நூலார் ஈராயிரம் ஆண்டு வாதிட்டும் முடிக்காதிருக்க, ஒரு வரியில் அது முடிந்துவிட்டதாகச் சட்டம் கருதுவது வியப்புக்குரியதுதான். கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளோ, ஐம்பது ஆண்டு கடந்த வண்டியாயினும் சேசிஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெருமாறுதல் செய்யப்பட்டிருந்தால் அதற்கு அப்பெயரைத் தருவதில்லை. சட்டம் இவ்வளவு இறுக்கமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. கழற்றி நீக்கிய பழைய சட்டகம் அழிந்துபோவதில்லை. வேறொருவர் அதன்மேல் இன்னோர் உடலை ஏற்றினால், ஒரே வண்டி என்று உரிமைகோரும் இரு வண்டிகள் சாலையில் நிற்கும். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பலின் பழைய பலகைகளைச் சேர்த்து மீண்டும் ஒரு கப்பல் கட்டினால் என்னவாகும் என்று ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் எழுப்பிய ஐயம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வெறும் ஐயமாக நில்லாது வழக்காகிவிடும்.

இந்தியத் தருக்க நூலார் இச்சிக்கலைக் கப்பலை வைத்து ஆராயவில்லை. சூளையை வைத்து ஆராய்ந்தார்கள். பச்சை மண்குடம் சூளையில் வெந்து சிவப்பாக வெளிவருகிறது. வெந்த குடமும் உள்ளே வைத்த குடமும் ஒன்றா? கணாதர் வழிவந்த வைசேடிகர், ஒன்றல்ல என்றனர். வெப்பம் அணுக்களில் மட்டுமே செயற்பட முடியும். ஆகவே சூளைக்குள் பச்சைக்குடம் அணுக்களாகப் பிரிந்து அழிந்து, நிறம் மாறிய அணுக்கள் மீண்டும் கூடிப் புதுக்குடம் பிறக்கிறது என்பது அவர்கள் துணிபு. அணு வேகிறது எனக் கொள்ளும் இக்கொள்கை பீலுபாகம் எனப்படும். அழிவுக்கும் பிறப்புக்கும் இடையே எத்தனை கணங்கள் செல்லும் என்றுகூட அவர்கள் கணக்கிட்டார்கள். நியாய நெறியினராகிய நையாயிகர் இதை ஏற்கவில்லை. குடம் குடமாகவே நின்று வேகிறது என்னும் பிடரபாகக் கொள்கையினராகிய அவர்கள், அடியிலுள்ள குடம் இடையில் அழிந்தால் அதன்மேல் அடுக்கிய குடங்கள் விழவேண்டும், அவ்வாறு விழக் காணோம் என்றனர். துளை வழியே பார்த்தால் குடம் முழுதாகவே தெரிகிறது, வெளிவந்ததும் அதே குடம் என அறிகிறோம் என்றும் சுட்டினர். ஊசிமுனை ஒரு துகளைப் பெயர்த்தாலும் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது, ஒன்றென அறிவது ஒப்புமையால் வரும் மயக்கம் என்பது வைசேடிகரின் மறுமொழி.

பீங்கானுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தில், பொம்மையும் அகலும் மின்காப்பும் வேகும் சூளைகளின் அருகில் இவ்வாதத்தைப் படிப்பவருக்கு, வைசேடிகர் முற்றிலும் பிழைபட்டவராகத் தோன்றமாட்டார். வெண்களிமண் 500 பாகை செல்சியசைத் தாண்டும்போது தன் படிகத்துள் பிணைந்த நீரை இழக்கிறது. 1000 பாகையைக் கடந்தபின் அதன் உள்ளமைப்பே குலைந்து முல்லைட் என்னும் வேறு கனிமமாகத் தொடங்குகிறது. அதன்பின் எத்தனை நாள் நீரில் ஊறினாலும் அது மண்ணாகாது. உள்ளே எல்லாம் மாறியிருக்க, வெளியே வரைந்த கோடு மட்டும் வரைந்தபடியே நிற்கிறது. அணுவளவில் வைசேடிகர் சொன்னது ஓரளவு பொருந்துகிறது. அடுக்கு சரியாதிருப்பதைச் சுட்டிய நையாயிகரும் தவறு செய்யவில்லை. சட்டகம் மாற்றிய பிக்கப்புக்கு வைசேடிகரின் அளவுகோலை வைத்தால், அது புதுவண்டி என்பதற்குச் சட்டகம்வரை போகவே வேண்டியதில்லை. ஒரு திருகாணி மாறியபோதே அது புதுவண்டியாகிவிட்டது. தினந்தோறும் காற்று மாறும் வண்டி தினந்தோறும் பிறக்கிறது. இவ்வளவு கூரிய கத்தி எதையும் வெட்டிவிடும் என்பதால், ஒன்றையும் மற்றொன்றையும் பிரித்தறிய அது உதவாமற்போகிறது.

பௌத்தர் வினாவையே கலைத்தனர். நாகசேனர் என்னும் துறவி மிலிந்த மன்னனிடம், தேர் என்பது அச்சும் சக்கரமும் நுகமும் கூடியவிடத்து வழங்கும் பெயரேயன்றித் தனிப்பொருள் அன்று என்று விளக்கியது பலரும் அறிந்தது. அதைக் காட்டிலும் இங்குப் பொருந்துவது, நாகார்ச்சுனருக்கு உரியதாகச் சொல்லப்படுவதும் குமாரசீவர் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் பெயர்த்ததுமான பேருரை நூலில் வரும் கதை. பாழ்வீட்டில் தங்கிய வழிப்போக்கன் முன்னே ஒரு பேய் பிணத்தோடு வருகிறது. பின்வந்த பேய் அப்பிணம் தன்னுடையது என வழக்கிட, வழிப்போக்கன் கண்டதைச் சொல்லி முதற்பேய்க்குச் சான்றாகிறான். சினந்த இரண்டாம் பேய் அவன் கையைப் பிடுங்கி எறிய, முதற்பேய் நன்றியறிந்து பிணத்தின் கையை அவனுக்கு ஒட்டவைக்கிறது. காலும் தலையும் விலாவும் அவ்வாறே மாறிமுடிகின்றன. பேய்கள் இரண்டும் பிடுங்கியவற்றைத் தின்று வாய் துடைத்துக்கொண்டு போய்விடுகின்றன. தனக்கு உடல் உண்டா இல்லையா எனத் தெரியாது கலங்கிய அவனிடம் துறவிகள், உனக்குத் தொடக்கம் முதலே 'நான்' என ஒன்று இருந்ததில்லை என்கிறார்கள். உலகத் தத்துவ இலக்கியத்தில் உறுப்பு மாற்றத்தைப் பற்றிய கதைகளுள் இதற்கு இணையானது அரிது. ஆயினும் கலங்கியவன் யார் என்னும் கேள்வியைக் கதை விட்டுவிடுகிறது.

அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டவர் திட்டக்குடியின் அண்டையூரான பெண்ணாடத்துப் பிறந்தவராகப் போற்றப்படும் மெய்கண்டார். வெள்ளாற்றங்கரையிலுள்ள அவ்வூரில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த அவர், 13-ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதத்தை இயற்றினார். அதன் மூன்றாம் நூற்பா உடலை மாயையால் ஆகிய இயந்திரம் என்று கொண்டு, அதனுள் அதற்கு வேறாய் உயிர் உண்டு என நிறுவுகிறது. மாயை என்பது அந்நூல் சார்ந்த சைவ சித்தாந்தத்தில் பொய்த்தோற்றம் அன்று; உலகும் உடலும் தோன்றுவதற்கு முதற்காரணமாகிய உண்மைப் பொருள். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என மூன்றாகப் பிரித்துக்காட்டும் சித்தாந்தம், இறைவனை அந்தக் குயவனிடத்தில் வைக்கிறது. 'இது நான் அல்லேன், இது நான் அல்லேன்' என ஒவ்வொன்றையும் விலக்குவதற்கு விலக்குபவன் ஒருவன் வேண்டும். 'என் உடல்' என்று சொல்பவன் உடலின் வேறாதல் வேண்டும். தன்தன் புலனை மட்டும் அறியும் பொறிகள் ஐந்தின் அறிவையும் ஒருங்கே அறிபவன் பொறிகளின் வேறாதல் வேண்டும் என அவர் காரணங்கள் நிரல்படுகின்றன. வழிப்போக்கனின் கலக்கத்துக்கு இதுவே சித்தாந்த விடை: உறுப்பெல்லாம் மாறின என அறிந்து கலங்கியவன் மாறாததனாலேயே அக்கலக்கம் கூடிற்று.

அவர் காரணங்களுள் ஒன்று காற்றைப் பற்றியது. மூச்சே உயிர் என்போரை மறுக்க அவர் உறக்கத்தைக் காட்டுகிறார்: ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சுக்காற்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உண்டலும் தொழிலும் நிகழ்வதில்லை, எனவே காற்று உடலைத் தாங்குமேயன்றி அறியாது. ஏர் சஸ்பென்ஷன் பொருத்திய வண்டி அழுத்தத்தை மாற்றி உயரத்தைக் காப்பதைக் கண்டு அதற்கு ஒருவகை உயிர்ப்பு உண்டெனப் பேசுவோருக்கும் இதுவே மறுமொழியாகும். இயந்திரம் எத்துணை நுட்பமாயினும் 'என்' என்று தன்னைச் சுட்டாது. தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், உட்கருவி, உலகம், நுகர்பொருள் என்னும் நான்கும் உயிருக்காக மாயையிலிருந்து ஆக்கப்பட்டவை. வண்டி இவற்றுள் பின்னிரண்டின் எல்லைக்குள் அடங்கும். தனக்கெனத் தன்மை இல்லாத ஒன்றிடம் 'நீ அதே வண்டியா' எனக் கேட்பது, கேட்கத்தகாத இடத்தில் கேட்பதாகும். அதே வண்டி என்பது வண்டியின் பண்பு அன்று. அதை அறிந்து பற்றிய ஒருவர் அதனோடு கொண்ட உறவு. பழம்பிக்கப்பின் உடலை வைத்துக்கொள்பவர் அவ்வுறவு எந்த உறுப்பில் ஒட்டியிருக்கிறதோ அதை வைத்துக்கொள்கிறார். லாரிக்காரரும் அதையே செய்கிறார்.

இவ்விடையிலும் ஒரு முள் உண்டு. 'என்னுடையது' என்னும் சொல்லால் உயிரின் இருப்பை நிறுவிய சித்தாந்தமே, அச்சொல்லின் பின்னுள்ள பற்றை ஆணவத்தின் விளைவெனவும் கட்டெனவும் கூறுகிறது. உடலின் ஒவ்வொரு கீறலையும் காத்துக்கொண்டு சட்டகத்தைத் துறப்பவரின் அன்பை, அவ்வகையில் சித்தாந்தி மெச்சமாட்டார். அன்றியும், ஒருவரின் பற்றுதான் ஒருமைக்கு அடிப்படை என்றால், அவ்வண்டி மூன்றாம் கைக்கு மாறும்போது ஒருமை என்னவாகும்? பற்று கைமாறுவதில்லை, கைமாறுவது பற்றைக் குறித்த சொல் மட்டுமே. 'இது 1951-ஆம் ஆண்டு வண்டி' என்று விற்பவர் சொல்வது இரும்பைப் பற்றிய கூற்றுப்போல் ஒலித்தாலும், உண்மையில் கடந்த காலத்தைப் பற்றி மற்றொருவருக்குத் தரும் வாக்கு. மெய்ப்பொருளியலில் தொடங்கிய வினா இங்கே வாய்மையைப் பற்றிய வினாவாகிவிடுகிறது. இவ்வகை வண்டிகளைப் பற்றிய பூசலில் பெரும்பகுதி இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் எழுவதே.

கோயில் மரபு இவ்விரண்டையும் பிரித்தே கையாண்டு வந்துள்ளது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, மூலத்திருமேனியில் விளங்கும் ஆற்றலைக் குடத்துக்கோ மரப்பலகையில் வரைந்த உருவுக்கோ மாற்றி வைத்து, வேலை முடிந்தபின் குடமுழுக்கால் மீண்டும் ஏற்றுகிறார்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் 2022 பிப்ரவரி 6 அன்று அவ்வாறே குடமுழுக்கு நிகழ்ந்தது. கல் மாறலாம், சுதை மாறலாம், ஆயினும் கோயில் ஒன்றே எனச் சொல்ல இச்சடங்கு இடந்தருகிறது. எதையும் மாற்றலாம் என்று ஆகமங்கள் விட்டுவிடவுமில்லை. சீர்குலைந்தவற்றைப் புதுப்பிக்கும் சீரணோத்தாரண முறையில், சிற்றுறுப்புச் சிதைந்த படிமத்தைச் சரிசெய்துகொள்ளலாம், பேருறுப்புச் சிதைந்ததை நீக்கி வேறு செய்யவேண்டும் என்னும் வேறுபாடு உண்டு. தானே தோன்றியதாகக் கொள்ளப்படும் இலிங்கத்துக்கு அவ்விதி செல்லாது.

வாய்மையின் பங்கைக் காட்டுவது செம்பியன் மாதேவியின் பணி. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமாகிய அவர் பத்தாம் நூற்றாண்டில் பல கோயில்களைக் கருங்கல்லில் எடுப்பித்தார்; விருத்தாசலத்திலும் அவர் திருப்பணியைக் கூறும் கல்வெட்டு உண்டு. காவிரி வடகரையிலுள்ள திருக்கோடிகாவலில் கோயில் புதிதாகக் கற்றளியாக எழுந்தபோது, பழைய கற்களில் இருந்த கொடைச் செய்திகள் புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன; அவற்றைப் புதிய மூலங்கள்போல் காட்டாது, பழைய கல்லின் படி என்றே குறித்துவைத்தார்கள். கோயில் அதே கோயில் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை, கல் வேறு என்பதை மறைக்கவும் அவர்களுக்குத் தேவை எழவில்லை. சட்டகம் மாற்றிய வண்டிக்கு அத்தகைய குறிப்பைப் பொறிக்க இன்று உரிய இடம் ஆர்.சி. புத்தகம்; ஆனால் அதில் உற்பத்தி ஆண்டுக்கு இருப்பது ஒரே ஒரு கட்டம்.